மூன்றாவது பெட்டி

டோஹா
2024 மார்ச் 5

அக்கா,

நான் போனில் கூப்பிட்டால், சிக்னல் கிடைக்கிற இடத்திலேயே மகள் தயானி கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். நீங்கள் நடந்து போகும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்கிறது. ஆகவே எழுதுகிறேன். இந்தச் சாமான்களைக் கொண்டுவருகிறவர் பெயர் ஷுக்ரி. என்னோடு இதே ஹோட்டலில் வேலை செய்கிறார், வீடு பசறையில். நோன்புக்கு ஊர் வருகிறார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பாதீர்கள், நோன்பு திறக்கும் நேரம் என்றால் மட்டும் கொடுங்கள்.

உள்ளே மூன்று ரவுட்டர்கள் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து ஒரே வைஃபை. எதற்கு மூன்று என்று மச்சான் கேட்பார். நம் லயத்து வீட்டு வரிசையில் சிக்னல் எட்டுவது, ஒரு கோடியில் இருக்கிற பாக்கியம் அக்கா காம்பராவின் ஜன்னலில் மட்டும்தான். நம் வீட்டுக் காம்பரா மறு கோடியில், மண்மேட்டை ஒட்டி இருக்கிறது. நடுவில் அத்தனை கருங்கல் சுவர், மேலே தகரம். எவ்வளவு நல்ல ரவுட்டராக இருந்தாலும் ஒன்று மட்டும் வைத்தால் இரண்டு சுவரைத் தாண்டாது.

சிம் போட்ட பெட்டியைப் பாக்கியம் அக்கா ஜன்னலில் வையுங்கள். இரண்டாவது பெட்டி நடுவில். மூன்றாவது நம் வீட்டில். இதில் ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். சிக்னல் செத்துப்போன இடத்தில் இரண்டாவது பெட்டியை வைத்தால் பிரயோசனமில்லை. தனக்குக் கிடைக்காததை அது யாருக்கும் கொடுக்காது. சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற இடத்திலேயே வைக்க வேண்டும். சுவருக்குள் வைக்காமல் வெளியே, வாசல் இஸ்தோப்புப் பக்கம், கூரைக்குக் கீழே, ஒன்றுக்கொன்று பார்த்த மாதிரி வையுங்கள். இடி இடித்தால் பிளக்கைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

அப்பா இறந்த அன்று பாக்கியம் அக்கா வீடு பூட்டிக் கிடக்க, நீங்கள் மழையில் பாறைக்கு ஏறி நின்று எனக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்தீர்கள். நான் எடுக்கவில்லை. வேலை நேரத்தில் எங்கள் போன்களை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் நீங்கள் நம்பப்போவதில்லை. நம்ப வேண்டாம். ஆனால் இனி நம் வீட்டில் ஒருவரும் ஒரு போன் பேச்சுக்காக அந்த வழுக்குப் பாறையில் ஏறக் கூடாது. அதற்காகத்தான் இது.

தினேஸ்

✽

வெள்ளைப்பாறைத் தோட்டம்
நமுனுகுல
2024 ஏப்ரல் 9

தம்பி தினேஸுக்கு,

உன்னோடு பேசமாட்டேன் என்று அப்பாவின் எட்டாம் நாள் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

சாமான் வந்தது. ஷுக்ரி நல்ல பிள்ளை. இந்தக் கடிதத்தை அவர் மனைவி நளீராவிடம் கொடுத்தால், அடுத்து அங்கே வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாளாம். தோட்டத்து ஆபீஸ் வழியாகப் போனால் எந்த மேசையில் கிடக்குமோ தெரியாது.

உன் மச்சான் இரண்டாவது பெட்டியை நீ வேண்டாம் என்ற இடத்தில்தான் முதலில் வைத்தார். நம் சுவருக்கு இந்தப் பக்கமே வைத்துவிட்டு, "தினேஸ் பழுதான சாமான அனுப்பிட்டான்" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தயானி பள்ளிக்கூடம் விட்டு வந்து உன் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, "அப்பா, அதுக்கே சாப்பாடு கெடைக்கல, அது எங்க நமக்குப் போடும்?" என்று கேட்டது. பிறகு லயத்து நடுவில் இருக்கிற சிவனு வீட்டு இஸ்தோப்பில் கம்பி கட்டித் தொங்கவிட்டோம். பாக்கியம் அக்கா முதலில் சம்மதிக்கவில்லை. ஜன்னலில் வைத்தால் திருடன் வருவான் என்றாள். கொழும்பில் இருக்கிற மகனின் முகத்தை தயானி போனில் காட்டியதும், தானே பழைய சேலையைக் கிழித்து அதற்கு மேல் தூசி படாமல் மூடப் பார்த்தாள். சூடாகும் என்று தடுத்தோம்.

இப்போது நம் வீட்டு அடுப்படி வரைக்கும் வருகிறது. தயானி பரீட்சைப் பாடமெல்லாம் பார்க்கிறது. உன் மச்சான் இந்தியாவில் நடக்கிற மாட்டுச் சண்டை பார்க்கிறார்.

நல்லதுதான். ஆனால் அப்பாவுக்காக என்று எழுதாதே. அப்பாவுக்கு இனி எதுவும் தேவையில்லை.

அக்கா

✽

டோஹா
2024 ஜூன் 21

அக்கா,

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தவர் வழியில் மூன்று வாரம் கொழும்பில் தங்கிவிட்டார். கையில் கிடைத்த இரவே வாசித்தேன். மாட்டுச் சண்டை என்ற இடத்தில் சிரித்துவிட்டு, கடைசி வரியில் அப்படியே இருந்துவிட்டேன்.

இங்கே என் போனில் நம் லயம் தெரிகிறது. லயம் என்றால் படம் இல்லை. மூன்று புள்ளிகள், மூன்று பெட்டிகளுக்கும். வேலை செய்தால் பச்சை, செய்யாவிட்டால் சாம்பல். வேலை முடிந்து வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். மூன்றும் பச்சையாக இருந்தால் வீட்டில் விளக்கு எரிகிறது, ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு நிம்மதி. இந்த ஹோட்டலில் மாடி மாடியாக இதே வேலைதான் செய்கிறேன். விருந்தாளி அறையில் சிக்னல் ஒரு கோடு குறைந்தாலும் என்னைத்தான் ஏசுவார்கள். ஆனால் அங்கே இருக்கும் அந்த மூன்றைப் பார்ப்பதுபோல் இவற்றைப் பார்க்கத் தோன்றுவதில்லை.

தோட்டத்து ஆபீஸும் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்திருக்கிறதாம், மச்சான் சொன்னார். நல்லது. சிங்களத்தில் வருகிறவற்றை எனக்கு அனுப்பச் சொன்னேன். பதுளைக் கடையில் நின்ற காலத்தில் நான் எழுத்துக்கூட்டிப் படித்தது இப்போதாவது உதவட்டும்.

ஒரு நாள் நீங்களும் போனைக் கையில் வாங்குங்கள். ஒன்றும் பேச வேண்டாம். முகம் பார்த்தால் போதும்.

தினேஸ்

✽

வெள்ளைப்பாறைத் தோட்டம்
2024 செப்டெம்பர் 15

தம்பி,

நல்லது நல்லது என்று எழுதியிருந்தாய். அந்த நல்லதைக் கேள்.

முன்பெல்லாம் கணக்கப்பிள்ளை இறங்கி வந்து காம்பரா காம்பராவாகச் சொல்லுவார், நாளைக்கு எந்த மலை, யாருக்கு எந்த வேலை என்று. இப்போது வருவதில்லை. கேட்டால், "எல்லாத்தையும் குரூப்புல போட்டாச்சே, ஒங்க லயத்துலதான் மூலைக்கு மூலை வைஃபை இருக்கே" என்கிறார். பாதி சிங்களம், பாதி இங்கிலீஷ். தயானி வீட்டில் இருந்தால் வாசித்துச் சொல்லும். இல்லாவிட்டால் உன் மச்சான் உனக்கு அனுப்பிவிட்டு, நீ பதில் போடும்வரை போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சிங்களம் பேசத் தெரிந்த மனிதர், எழுத்து தெரியாது. அடுத்த காம்பராவில் கேட்க வெட்கம். உன்னிடம் வெட்கமில்லை.

வீட்டுக்குள்ளும் பேச்சு குறைந்துவிட்டது. முன்பு நான் வீட்டுக்கு மேல் மலையில் கொழுந்து நிறுவைக்கு நிற்பது தெரிந்தால், உன் மச்சான் இஸ்தோப்பில் நின்று "ஏ விஜயா, உப்பு எங்க?" என்று கத்துவார். கூடப் பறிக்கிற பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். மானம் போகும் எனக்கு. இப்போது அதெல்லாம் கிடையாது, குனிந்து போனையே பார்க்கிறார்.

போன வாரம் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும்போது உன் மச்சான் காலில் கத்தி இறங்கிவிட்டது. பயப்படாதே, எலும்பில் படவில்லை. பதுளையில் தையல் போட்டார்கள். ஆனால் ஆறாமல் சீழ் வைக்கிறது. தடி ஊன்றித்தான் நடக்கிறார். இந்தச் சேதியை அவர் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார், வீண் கவலை என்பார்.

லீவு கிடைத்தால் தைப்பொங்கலுக்கு வா. வந்தால் பேசுவேன்.

அக்கா

✽

பாடசாலை மண்டபம்
நமுனுகுல
2024 டிசம்பர் 8

தினேஸ்,

போனில் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன், பிறகு வைத்துவிடுகிறோம். ஒன்றும் சொல்லி முடிவதில்லை. தயானியின் கொப்பியில் தாள் கிழித்து எழுதுகிறேன். இந்த மண்டபத்தில் எங்களோடு பதினாறு குடும்பம் இருக்கிறது. எழுதும்போதுதான் யாரும் என்னிடம் வந்து பேசாமல் இருக்கிறார்கள்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மூன்று நாளாக விடாத மழை. அன்று காலை நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் வேலைக்குப் போகாமல் நின்றோம். அத்தனை மாதமாக லயத்துப் பக்கம் எட்டிப் பார்க்காத கணக்கப்பிள்ளை அன்றைக்குக் குடை பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்று, "கொழுந்து முத்திப் போகுது, வராதவங்களுக்கு இனி வேலைக்குப் பேரு இல்ல" என்று கத்தினார். போனோம். தயானி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. உன் மச்சானுக்குக் கால் இன்னும் ஆறவில்லை. வீட்டில் இருந்தார்.

பத்தரை இருக்கும். நிறுவைக்கு வந்து சாக்கை இறக்கிவைத்தேன். லொறி கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் மண்மேடு நின்ற இடத்தில் இல்லை. நம் காம்பராவும் அடுத்த இரண்டும் இல்லை. அதற்கு அந்தப் பக்கம் சிவனு வீட்டிலிருந்து லயம் அப்படியே நிற்கிறது. பாக்கியம் அக்கா காம்பரா ஜன்னலில் அந்தப் பெட்டியின் பச்சை விளக்குக்கூட எரிந்துகொண்டிருந்தது. ஓடி இறங்கினோம். கையால் தோண்டினோம். அடுத்த காம்பரா பிச்சமுத்துவை அன்றைக்கே எடுத்தார்கள். உன் மச்சானை எடுத்தது மறுநாள் மத்தியானம். கால்கட்டு அவிழாமல் இருந்தது.

இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். மண் சரியப்போகிறது, லயத்தை விட்டு வெளியேறுங்கள் என்று ஆபீஸ் குரூப்பில் அன்று காலை போட்டார்களாம். மேலிடத்திலிருந்து வந்ததை அப்படியே போட்டிருக்கிறார்கள், சிங்களத்தில். மழைக்கு நனையும் என்று நாங்கள் யாரும் போன் கொண்டுபோகவில்லை. ஆனால் உன் மச்சானின் போன் அதைத் திறந்து பார்த்தது என்று ஆபீஸில் காட்டுகிறார்கள். "பாத்துட்டுத்தான் இருந்தாரும்மா. எந்திரிச்சுப் போகல. நாங்க என்ன செய்ய?" என்று பெரிய கிளார்க் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பதுளையில் விசாரணை வைத்திருக்கிறார்கள். அதிலும் இதையே சொல்லப்போகிறார்கள். பார்த்தும் போகாதவர் என்று எழுதிவிட்டால், வீடு போனவர்களுக்குக் கொடுக்கிற மாற்றுக் காணியில் எங்கள் பெயர் கடைசிக்குப் போகும் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். காணி கிடக்கட்டும். சோம்பலில் செத்தார் என்று தயானி ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டுமா?

அவர் பார்த்திருக்கமாட்டார். பார்த்திருந்தால் தவழ்ந்தாவது வெளியே வந்திருப்பார். அங்கிருந்தே நம் லயம் தெரிகிறது என்று நீ எழுதினாய். அன்றைக்கு உனக்கு என்ன தெரிந்தது? உண்மையைச் சொல்.

விஜயா

✽

டோஹா
2024 டிசம்பர் 29

அக்கா,

இதைப் போனில் சொல்லப் பல முறை வாய் திறந்தேன். முடியவில்லை. இதைக் கொண்டுவருகிறவர் ஷுக்ரி. அவருக்கும் விஷயம் தெரியும். நீங்கள் வாசிக்கும்போது பக்கத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

மச்சான் அதைப் பார்த்தார். பார்த்ததும் எனக்கு அனுப்பினார். கூடவே குரலும் அனுப்பினார். அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்:

"மாப்ள, நான்தான். ஆபீஸ் குரூப்புல ஒண்ணு வந்திருக்கு, எல்லாம் சிங்களமா இருக்கு. பிள்ள பள்ளிக்கூடம் போயிருச்சு. லயத்துல வாசிக்கிற ஆளு ஒருத்தரும் இல்ல. என்னான்னு பாத்துச் சொல்லுங்க. அவசரம் இல்ல, வேல முடிஞ்சு பாத்தாப் போதும். இங்க நல்ல மழ. ஒங்க அக்கா கொழுந்துக்குப் போயிருக்கு."

என் போன் லாச்சிக்குள் இருந்தது. நான் ஆறாம் மாடியில் ஒரு விருந்தாளியின் குளியலறைக்கு வைஃபை எட்டவில்லை என்று கூரைப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தேன். வழக்கம்போல் முதலில் புள்ளிகளைப் பார்த்தேன். ஒன்று பச்சை, இரண்டு பச்சை. மூன்றாவது சாம்பல். இடி இடித்திருக்கும், மச்சான் பிளக்கைக் கழற்றியிருப்பார் என்று நினைத்தேன். நினைத்துவிட்டுச் சோறு சாப்பிட்டேன் அக்கா. அதற்குப் பிறகுதான் அவர் குரலைக் கேட்டேன். அந்த அறிவித்தலை வாசித்தேன். அடித்தேன், அடித்தேன். மணியே போகவில்லை.

அவர் சோம்பலில் இருக்கவில்லை. புரியாமல், பதிலுக்காகக் காத்திருந்தார். நான் வைக்கச் சொன்ன பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தார்.

அந்தக் குரல் என்னிடம் இருக்கிறது. விசாரணைக்கு வேண்டும் என்றால் தயானியின் போனுக்கு அனுப்புகிறேன். அது அவர் பார்த்தார் என்பதையும் காட்டும், விளங்கவில்லை என்பதையும் காட்டும். எப்படி எடுத்துக்கொள்வார்களோ தெரியாது. வேண்டாம் என்றால் யார் காதுக்கும் போகாமல் வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்வதுதான்.

லீவு கேட்டிருக்கிறேன். ஏப்ரலுக்கு முன்னால் விடமாட்டார்கள். என்மேல் கோபமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தும் கேட்கிறேன்.

தினேஸ்

✽

பாடசாலை மண்டபம்
நமுனுகுல
2025 பெப்ரவரி 16

தம்பி,

ஷுக்ரி வந்தார். நான் வாசித்து முடிக்கும்வரை மண்டபத்துப் படியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு தயானியைப் பசறைக்குத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். பரீட்சை முடியும்வரை நளீராவோடு இருக்கட்டும் என்று. இங்கே பிள்ளைகளுக்குப் படிக்க வெளிச்சமும் இல்லை, இடமும் இல்லை.

குரலை அனுப்பச் சொன்னது தயானிதான். "அம்மா, அப்பா கேட்டதக் கேக்கட்டும்" என்றது. அதுவே என்னோடு பதுளைக்கு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரிக்கிற ஐயா, இந்தப் பக்கம் தோட்டத்திலிருந்து வந்த இரண்டு பேர், எழுதுவதற்குத் தர்மராசா என்று ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க். தயானி போனை மேசையில் வைத்துப் பட்டனை அமத்தியது. உன் மச்சான் பேசினார்.

முடிந்ததும் ஐயா, என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார். தர்மராசா சொன்னார். தோட்டத்து ஆள் உடனே, பார்த்தீர்களா, அறிவித்தல் கிடைத்திருக்கிறது, அவர் வாயாலேயே சொல்கிறார் என்றார். ஐயா தலையாட்டிவிட்டு ஏதோ எழுதச் சொன்னார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "எழுத்துத் தெரியாத மனுசன் கையில குடுத்துட்டு, குடுத்தாச்சுன்னு சொல்றீங்களே சார். அன்னைக்குக் காலையில மழைக்குள்ள எங்களக் கொழுந்துக்குக் கூப்பிட வாசலுக்கு ஆளு வந்தாரு. இதச் சொல்ல மட்டும் ஒரு ஆளு கெடைக்கலையா?" என்று கேட்டேன். தோட்டத்து ஆட்கள் என்னைப் பார்க்கவில்லை. தர்மராசா அதையும் சிங்களத்தில் சொன்னார். ஐயா அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.

கையெழுத்து வாங்கும்போது தர்மராசா மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, கிடைச்சது எண்டு மட்டும்தான் எழுதச் சொன்னவை. நான் உங்கட மனுசன் கேட்ட கேள்வியையும் நீங்கள் கேட்டதையும் சேர்த்து எழுதிப்போட்டன். மேல வெட்டினாலும் வெட்டுவினம். என்னால ஏலுமானது இவ்வளவுதான்." அவருக்கு நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

முடிவு வந்துவிட்டது. அறிவித்தல் உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டது, இறந்தவருக்குக் கிடைத்தது என்று இருக்கிறது. கேள்விகள் இரண்டும் இல்லை. காணிப் பட்டியலில் நாங்கள் இருக்கிறோம், எப்போது என்று இல்லை. கொழும்பில் ஒரு வக்கீல் இருக்கிறாராம், சிவனு விசாரிக்கிறான். போவேன். சும்மா விடமாட்டேன். ஆனால் பெரிய நம்பிக்கை ஒன்றும் வைத்துக்கொண்டு போகமாட்டேன்.

கோபமா என்று கேட்டிருந்தாய். உன்மேல் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. நீ சோறு சாப்பிட்டதற்கு எப்படிக் கோபப்படுவது? ஏப்ரலில் வா. நீ வந்து நின்றால் தயானிக்குத் தெம்பாக இருக்கும். எனக்கும்தான்.

ஆனால் ஒன்று மட்டும் தூக்கம் வராமல் கிடக்கும்போது வந்து வந்து போகிறது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அந்த அறிவித்தலைச் சிங்களத்தில் வாசிக்க எனக்கும் தெரியாது. ஆனால் கையில் வாங்கி, மலையில் நின்ற கணக்கப்பிள்ளையின் மூஞ்சிக்கு நேரே நீட்டி, இது என்ன என்று கேட்டிருப்பேன். நான் தூரத்தில் இல்லை தினேஸ். நம் காம்பராவுக்கு மேலே, நிறுவையில்தான் நின்றேன். கடல் கடந்து உன்னைக் கேட்ட மனுசன், இஸ்தோப்புக்கு வந்து என்னை ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

அக்கா